திருக்கோயில் வடிவமும் அதனை வரையும் முறையும்

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய சீவன்முத்தர் இவ்வுலகில் ஒழுகும் முறையை வகுத்துக் கூறுமிடத்து, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவபெருமானெனவே கண்டு வழிபடுமாறு விதித்தது. ஈண்டு ஆலயமென்றது ஆண்டெழுந்தருளிய சிவலிங்கம் முதலிய திருமேனிகளை எனக் கொள்வர் உரைகாரர். அங்ஙனம் கொள்ளினும், அத்திருமேனிகளுக்கு இடமாய் நின்ற விமானமும் கோபுரமும் தூலலிங்கமெனத் தொழப்படுதல் சைவ வழக்கில் யாவரும் அறிந்ததே. சேய்மைக்கண் கோபுரம் புலனாகியவுடன் கைகூப்பும் அடியவன் செங்கல்லையும் சுதையையும் வணங்குகின்றானல்லன். அவ்வடிவின் வாயிலாக அருளை வணங்குகின்றான். வணங்கப்படும் வடிவம் எத்தகையது, அதன் உறுப்புக்கள் யாவை, அது பிறழாமற் காக்கப்படுமாறு எங்ஙனம் என்னும் ஆராய்ச்சி ஆகவே சைவர்க்குப் புறத்ததன்று. வழிபாட்டின் ஒரு கூறேயாம்.

இவ்வியைபு பண்டே அறியப்பட்டதென்பதற்குக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் சான்றாகும். கி. பி. 700-ஐ ஒட்டி அதனை எடுப்பித்த பல்லவ வேந்தன் இராசசிம்மன், சைவ சித்தாந்த நெறியில் நின்று மலமெல்லாம் கழுவப்பெற்றவன் என்று அக்கோயில் விமானத்தைச் சூழ்ந்துள்ள வடமொழிக் கல்வெட்டுப் புகழ்கின்றது. சைவ சித்தாந்தம் என்னும் பெயர் கல்லிற் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் இஃது ஒன்று. அப்பெயர் ஏட்டிலன்றிக் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டமை கருதத்தக்கது.

பெயர் நின்று வடிவம் மறைந்தவை

திருநாவுக்கரசு சுவாமிகள் தம் அடைவு திருத்தாண்டகத்தில், பெருங்கோயில்கள் எழுபத்தெட்டென்று தொகை கூறி, அவற்றோடு கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்பவற்றையும் எண்ணுகின்றார். ஏழாம் நூற்றாண்டிலேயே கோயில்கள் வகைப்படப் பெயர் பெற்றிருந்தன என்பது இதனாற் பெறப்படும். ஆனால் அப்பெயர்களுட் பல எவ்வெவ் வடிவத்தைக் குறித்தன என்பதில் அறிஞர் இன்றும் ஒருப்பட்டிலர். கொகுடியும் ஞாழலும் தலமரத்தாற் பெற்ற பெயரென்பார் ஒருசாரார். கட்டிட வடிவாற் பெற்ற பெயரென்பார் மற்றொருசாரார். செங்கல்லாலும் மரத்தாலும் அமைந்த அக்காலக் கோயில்கள் பிற்காலத்துக் கற்றளிகளாக மாறியபோது பழைய வடிவம் எவராலும் வரைந்து வைக்கப்படாமையே இவ்வையத்திற்குக் காரணம். பதிகம் பெயரைக் காத்தது. வடிவத்தைக் காப்பார் இலராயினர்.

இதற்கு மாறாகப் பெயரும் வடிவமும் ஒருங்கே நின்றதும் உண்டு. பெண்ணாகடத்துத் திருக்கோயில் தூங்கானைமாடம் எனப்படும். கிடந்துறங்கும் யானையின் பின்புறம்போலப் பின்பக்கம் வளைந்த விமானமுடைமையின் அப்பெயர்த்தாயிற்று. இதனைச் சிற்ப நூலார் கஜபிருஷ்டம் என்பர். சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவர் அவதரித்த தலம் இதுவே என்பது வழக்கு. சைவ சித்தாந்த முதலாசிரியரின் ஊர்க்கோயில் தன் கட்டிட வடிவத்தாலேயே பெயர்பெற்று நிற்றல் சைவ மாணவர் மகிழ்தற்குரியதொன்றாம்.

ஆறங்கமும் மூவகையும்

சிற்ப நூல்களும் ஆகமங்களும் விமானத்தை ஆறங்கமாகப் பகுத்துரைக்கும். அவை அடியினின்றும் முறையே அதிட்டானம், பாதம், பிரத்தரம், கண்டம், சிகரம், தூபி என்பன. அதிட்டானம் உபானம், சகதி, குமுதம், பட்டிகை முதலிய வரிகளால் அமைந்த தாங்குதளம். பாதமாவது அரைத்தூண்களோடு கூடிய சுவர். பிரத்தரம் கபோதம் முதலியவற்றையுடைய கூரைப்பகுதி. கண்டம் கழுத்து, சிகரம் தலை, தூபி முடிமேல் நிற்கும் குடம். அடி, உடல், தோள், கழுத்து, தலை, முடி என மக்களுடம்பினுறுப்புக்களோடு இவை ஒப்பிடப்படும். விமானம் பலநிலையுடையதாயின், நிலைதோறும் மூலையிற் கர்ணகூடமும், நடுவிற் சாலையும், இடையிற் பஞ்சரமும் வரிசைப்பட நிற்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு விமானமே. சிறியன பல கூடிப் பெரியதொன்றாக நிற்பதே தென்னாட்டு விமானத்தின் அமைப்பு.

நாகரம், திராவிடம், வேசரம் என்னும் மூவகைப் பாகுபாடு பற்றி ஒரு மயக்கம் உண்டு. இக்காலத்துக் கட்டிட வரலாற்று நூலார் வடநாட்டு அமைப்பை நாகரமென்றும், தென்னாட்டு அமைப்பைத் திராவிடமென்றும், இடைப்பட்ட தக்கணத்து அமைப்பை வேசரமென்றும் வழங்குகின்றனர். தென்னாட்டு ஆகம சிற்ப நூல்களிலோ இம்மூன்றும் பெரும்பாலும் கண்டத்தினும் சிகரத்தினும் அமையும் உருவம்பற்றி வந்த பெயர்களாம். சதுரமாயின் நாகரம், அறுகோணமோ எண்கோணமோ ஆயின் திராவிடம், வட்டமாயின் வேசரம். இம்முறைப்படி தமிழ்நாட்டினுள்ளேயே மூவகையும் காணப்படும். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கொடும்பாளூர் மூவர்கோயிலின் சிகரம் சதுரமாதலின் நாகரம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சிகரம் எண்கோணமாதலின் திராவிடம். நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்தின் சிகரம் வட்டமாதலின் வேசரம். ஒரு சொல் இருவேறு பொருளில் வழங்குதலை அறியாதார், ஆகம வசனத்தை வடநாட்டுக் கோயிலுக்கும், வரலாற்று நூலின் சொல்லைத் தென்னாட்டு விமானத்துக்கும் மாறிப் பொருத்தி இடர்ப்படுவர்.

இரு வகை வரைவு

வடிவத்தை உணர்தற்கும் காத்தற்கும் கருவியாவது வரைவு. அது கண்ணுக்குத் தோன்றியவாறு எழுதும் காட்சிப்படம் எனவும், கோலால் அளந்தவாறு எழுதும் அளவுப்படம் எனவும் இருவகைப்படும். காட்சிப்படத்தில் அண்மையிலுள்ளது பெரிதாயும் சேய்மையிலுள்ளது சிறிதாயும் வரும். அளவுப்படத்தில் ஒவ்வோர் உறுப்பும் தன் அளவிற்கேற்ற விழுக்காட்டிலேயே நிற்கும்.

இவற்றுள் அளவுப்படம் சைவர்க்குப் புதியதன்று. கோயில் கல்லில் தொடங்குமுன் கோட்டில் தொடங்குகின்றது. தேர்ந்த நிலத்தில் திசை கண்டு, கயிறு பிடித்து, வாஸ்து பதம் வகுத்தலே ஸ்தபதியின் முதல் தொழில். மண்டூக பதத்தில் அறுபத்துநான்கு கட்டங்களும், பரமசாயிக பதத்தில் எண்பத்தொன்றும் உள்ளன. முன்னதில் நடு நான்கும், பின்னதில் நடு ஒன்பதும் பிரமனுக்குரியன. எட்டு யவை ஓரங்குலம், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் என்னும் வாய்பாட்டால் அளவு செல்லும். அளவைக் குறித்து வைக்கும் வழக்கும் பழையதே. இராசராச சோழன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள், அக்கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கோயில் முழத்தால் அளந்து, முழமும் விரலும் தோரையுமாகக் குறித்துள்ளன. அத்திருமேனிகளுட் பெரும்பாலன இன்றில்லை; ஆயினும் அவற்றின் அளவு கல்லில் நிற்கின்றது.

காட்சிப்படத்திற்குத் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவரின் பணி எடுத்துக்காட்டாகும். அவர்கள் 1792, 1793-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் வழிச்சென்று தஞ்சை, மாமல்லபுரம் முதலிய இடங்களின் கட்டிடங்களை எழுதி, பின்னர் அச்சிட்டு வெளியிட்டனர். கோயிலின் சூழலும் அக்காலத்துச் சிதைவும் செப்பமும் அப்படங்களால் அறியலாகும். ஆனால் அவற்றைக்கொண்டு ஒரு தூணையேனும் மீண்டும் செய்தல் இயலாது. உறுப்பின் பெயரும் அளவும் அறிந்து எழுதுதல் வேறொரு கல்வி.

அக்கல்வியை அச்சில் உலகறியச் செய்தவர் தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாய் இருந்த இராம் ராஸ். அவர் மானசாரம், மயமதம் முதலிய நூல்களின் ஏடுகளைத் தேடி, நூலறிவோடு தொழிலறிவும் வேண்டுமென்று சிற்பியர் துணையை நாடி, இந்துக்களின் கட்டிடக்கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அஃது அவர் மறைந்தபின் 1834-ஆம் ஆண்டில் இலண்டனில் நாற்பத்தெட்டுப் படங்களுடன் வெளிவந்தது. அதிட்டான வகை, தூண் வகை, ஒருநிலை முதலாகிய விமான வகை ஆகியன அங்கே நூல் விதிப்படி வரையப்பட்டுள்ளன. சுலோகத்தில் மட்டும் கிடந்த விதி கோட்டில் வெளிப்பட்டமையால், அச்சொற்களின் பொருள் பிறர்க்கும் தெளிவாயிற்று.

அளவுப்படம் அறிவிப்பன

அளவுப்படம் மூன்று வேண்டும். நிலத்தின் கிடையில் கோயிலை அறுத்தாற்போல மேலிருந்து நோக்கிச் சுவரும் வெளியும் காட்டுவது தரைப்படம். ஒரு பக்கத்தை நேர்நின்று நோக்கி அடிமுதல் முடிகாறும் காட்டுவது முகப்புப்படம். நெடுக்காக அறுத்தாற்போல உள்ளமைப்பைக் காட்டுவது வெட்டுப்படம்.

இவை கண்ணாற் காணலாகாதவற்றைக் காட்டும். நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்தைப் புறத்தே வலம்வருவான் சதுரமான சுவரையே காண்பான். அதன் தரைப்படமோ சதுரத்தின் நடுவே வட்டமான கருவறை இருத்தலைக் காட்டும். மேலே சிகரம் வட்டமாக நிற்றலும் உள்ளே கருவறை வட்டமாக அமைதலும் ஒரே கருத்தின் இரு வெளிப்பாடென்பது அப்போதே விளங்கும்.

தஞ்சை விமானத்தின் தரைப்படம் கருவறையை இரு பெருஞ்சுவர்கள் சூழ்ந்து, இடையே ஒரு சுற்றுவழி விட்டிருத்தலைக் காட்டும். 1931-ஆம் ஆண்டில் சோழர் கால ஓவியங்கள் வெளிப்பட்டது இவ்வழியிலேதான். வெட்டுப்படம் அதன்மேல் இரண்டாவது சுற்றுவழி ஒன்றிருத்தலைக் காட்டும். நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்று அங்கே செதுக்கப்பட்டு, எஞ்சியவற்றின் கற்கள் வெறுமையாய் விடப்பட்டுள்ளன. அதற்குமேல் விமானம் உள்ளே வெளியாக, நாற்புறமும் கல் படிப்படியாக உள்நோக்கிக் குறுகிச் சென்று, சிகரத்தில் முடிகின்றது. அச்சிகரம் ஒரே கல்லென்பது நெடுநாள் வழங்கிவரும் கதை. நுணுகி நோக்குவார்க்கு அது பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டதென்பது புலனாகும். இதனால் இராசராசனின் புகழ் குறைவதின்று. ஒரு கல்லை ஏற்றிய வலிமையினும் பல கல்லை ஒரு கல்லெனத் தோன்றச் செய்த அறிவே பெரிது. பியேர் பிஷார் என்னும் பிரெஞ்சுக் கட்டிடக்கலை அறிஞர் இக்கோயிலை அளந்து வரைந்து 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வரைவு எவ்வளவு உழைப்பை வேண்டுமென்பதற்குச் சான்று.

சிற்றுறுப்பின் வரைவும் சிறந்த பயன் தரும். புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ழுவோ துப்ரேய் 1914-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், தூண்மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையையும், கபோதத்தின்மேல் விளங்கும் கூட்டினையும் காலவரிசைப்பட வரைந்து காட்டினார். பல்லவர் போதிகை பெரும்பாலும் வளைந்து அலைபோன்ற வரிகளை உடையது. முற்காலச் சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை நீண்டிருப்பது. அம்முனை பிற்காலத்தில் படிப்படியாக நீண்டு தொங்கி, விசயநகர வேந்தர் நாளில் கவிழ்ந்த மலர்மொட்டாயிற்று. அங்ஙனமே கூட்டின் உச்சி பல்லவர் காலத்தில் அகன்ற தகடுபோலவும், சோழர் காலத்திற் சிங்கமுகமாகவும் இருக்கும். கல்வெட்டில்லாத கோயிலின் காலத்தையும் இச்சிறு வரைவுகளைக்கொண்டு ஒருவாறு துணியலாம். ஒரு போதிகையை மாற்றி வைத்தல் ஒரு வரலாற்றேட்டைக் கிழித்தலோடு ஒக்கும் என்பது இதனால் உணரப்படும்.

திருப்பணியும் வரைவும்

இனி, திருப்பணி செய்தல் பெரும் புண்ணியமாயிருக்கப் பழையதை வரைந்துவைத்துக் காத்திருத்தல் எற்றுக்கெனின், கூறுதும். சீரணோத்தாரணம் ஆகமங்கள் விதித்த கடமையே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அவ்விதியே வரம்பும் உடையது. தன் இலக்கணம் இன்னும் புலப்படநிற்கும் கோயிலை அதன் பொருள்களைக் கொண்டே புதுக்குக என்பது மயமதத்தின் கருத்து. இலக்கணம் புலப்படுகின்றதா அன்றா என்பதை அளந்து காணாது துணிதல் எங்ஙனம்? அளந்து கண்டதை வரையாது நினைவில் வைத்துக் கட்டுதல் எங்ஙனம்? ஆகவே திருப்பணி விதியே வரைவை உள்ளடக்கியுள்ளது.

முன்னோர் இவ்வாறே ஒழுகினர். திருமழபாடி வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, அதன் சுவரிலிருந்த கல்வெட்டுக்கள் பிரிக்குமுன்னரே புத்தகத்திற் படியெடுக்கப்பட்டன. அவை அவன் மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டிற் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இடையே ஓர் அரசன் ஆட்சி முடிந்தது. ஆயினும் படி காக்கப்பட்டது. திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்த காலத்தும், பழங்கற்களிற் சிதறிக்கிடந்த சாசனங்கள் புதிய சுவரில் ஏற்றப்பட்டன. அவ்வாறு ஏறிய சாசனத்திற்குப் பழங்கற்படி என்னும் பெயரும் வழங்கிற்று. எழுத்தின்பால் அவர்கள் கொண்ட அக்கறையை வடிவத்தின்பாலும் நீட்டுதலே இக்காலத்தார் செய்யற்பாலது.

அங்ஙனம் செய்யாமையால் நேர்ந்த இழப்புக்கள் சிறியனவல்ல. 1836-ஆம் ஆண்டிற் கொள்ளிடத்திற் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்கள் கொண்டுபோகப்பட்டன. அங்கே பிரிக்கப்பட்ட பகுதிகளின் முழு வடிவத்தை இன்று எவரும் கூறவல்லாரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாடல்பெற்ற தலங்கள் பல அன்பர்களின் பெருங்கொடையாற் புதுக்கப்பெற்றன. வழிபாடு அதனாற் சிறந்தது. ஆனால் பழைய விமானங்கள் சில வரைவின்றியே மறைந்தன. அண்மைக் காலத்தில் மணலை விசையோடு வீசிக் கல்லைத் தூய்மைசெய்த இடங்களில் கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் நுண்மையும் தேய்ந்தன. இவையனைத்தும் பகைமையால் நேர்ந்தவையல்ல. சில அலட்சியத்தாலும், பல அன்பாலும் நேர்ந்தவை. அன்பால் நேரும் இழப்பைத் தடுத்தற்கு அறிவொன்றே துணை.

வரைவு இழப்பை ஈடுசெய்யும் என்பதற்குப் பௌத்தர் கட்டிடம் ஒன்றும் சான்றாகின்றது. ஆந்திர நாட்டு அமராவதித் தூபியின் கற்களைக் காலின் மெக்கன்சி என்னும் அளவையதிகாரி 1816-ஆம் ஆண்டு தொடங்கித் தம் பணியாளரைக்கொண்டு வரைவித்தார். பின்னர் அக்கற்களுட் பல காணாமற்போயின. இன்று அவற்றின் உருவம் அவ்வரைவுகளில் மட்டுமே உள்ளது. பிற சமயத்தார் கட்டிடத்துக்கு அயல்நாட்டார் செய்த இப்பணியைத் தம் திருக்கோயிலுக்குச் சைவர் செய்யாதிருத்தல் தகுமோ?

அற்றேல், இக்காலத்துப் படக்கருவியும் ஒளிக்கதிரால் அளக்கும் கருவியும் உளவாக, கையால் வரைதல் மிகையன்றோ எனின், அன்று. அக்கருவிகள் பெருந்துணையே, அவற்றை விலக்கவேண்டுவதில்லை. ஆயினும் கருவி எல்லாவற்றையும் ஒருபடித்தாகப் பதியும். இது குமுதம், இது பட்டிகை, இது பிற்காலத்து அடைப்பு என்று பகுத்தறியாது. வரைபவனோ ஒவ்வொரு கோட்டையும் இழுக்குமுன் அஃது எதன் எல்லை என்று துணிய வேண்டியவனாகின்றான். அத்துணிவே கல்வி. வலம்வரும்போது நொடியிற் கடந்துசெல்லும் ஒரு தேவகோட்டத்தின்முன் அவன் அரைநாள் இருக்கின்றான்.

வடிவிறந்த பரம்பொருட்குக் கட்டிடத்தின் வடிவம்பற்றி இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்னும் ஐயமும் நிகழக்கூடும். சிவபெருமான் அருவமும் அருவுருவமும் உருவமுமாகிய திருமேனி கொள்ளுதல் உயிர்கள்மாட்டு வைத்த அருளாலென்பது சித்தாந்தம். அருளாற் கொண்ட வடிவை அளவு பிறழாது போற்றுதல் வடிவிறந்த நிலையை மறுத்தலாகாது. அந்நிலைக்கு ஏறும் படியைச் செப்பமுற வைத்தலேயாம்.

ஆகவே, திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு கோயிலிலும் பாலாலயத்திற்கு முன்னரே செய்யற்பாலன சில உள. தரைப்படமும், நாற்பக்கத்து முகப்புப்படமும், ஒரு வெட்டுப்படமும் விழுக்காடு குறித்து வரையப்படல்வேண்டும். அதிட்டானத்தின் வரிகள், போதிகை, கூடு, தேவகோட்டம் ஆகியவை தனித்தனியே பெரிதாக எழுதப்படல்வேண்டும். கல்வெட்டு எவ்வரியில் எக்கல்லில் உள்ளதென்பது படத்திற் குறிக்கப்படல்வேண்டும். சுதையுருவங்களின் பழைய வண்ணமும் எழுதிவைக்கத்தக்கது. கருவறையுட் புகுதற்குரியார் சிவாசாரியரே ஆதலின், அதன் அளவை அவர்வாயிலாகவே பெறுதல் முறை. உறுப்பின் பெயரை ஸ்தபதியரிடம் கேட்டு அவர் வழங்கும் சொல்லாலேயே எழுதுக. வரைந்தவற்றுள் ஒரு படி கோயிலிலும், ஒரு படி ஆதீனத்திலோ கல்விக்கழகத்திலோ வைக்கப்படின், ஓரிடத்து அழிவு முழு அழிவாகாது. சைவப் பாடசாலை மாணவர்க்குத் தம்மூர்க் கோயிலின் தரைப்படத்தை எழுதப் பயிற்றுவித்தல் இவையனைத்திற்கும் அடிப்படையாகும்.

இராசராச சோழன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் இருநூற்றெழுபத்தைந்தாம் நாளில் தஞ்சை விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. கி. பி. 1010-ஆம் ஆண்டின் அந்நாள் இன்றும் அறியக் கிடப்பது, அதனை எழுதிவைத்தார் இருந்தமையால். எழுதிவைக்கப்பட்ட நாள் நின்றவாறே, வரைந்துவைக்கப்பட்ட வடிவும் நிற்கும். தொழும் கையே அளவுகோலையும் எழுதுகோலையும் ஏந்துமாயின், முன்னோர் தொழுத திருவடிவைப் பின்னோரும் தொழுவர்.

சிவம்.